குழல் என்னும் சொல்

இன்று மாலை ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். குழல் என்பது அந்தச் சொல். எந்தத் தமிழ் அகராதியை எடுத்தாலும் அதற்கு நேரே பொருள்கள் எண்ணிட்டு நிற்கும். ஊதும் இசைக்கருவி ஒன்று. உள்ளே துளையுள்ள எந்தப் பொருளும் ஒன்று. பெண்களின் கூந்தல் ஒன்று. கூந்தலை முடிக்கும் ஐந்து வகைகளில் ஒரு வகை இன்னொன்று. இவை தவிரத் துப்பாக்கிக்குக் குழல் உண்டு, மூச்சுக்குக் குழல் உண்டு, அடுப்பை ஊதவும் குழல் உண்டு. எண்ணிட்டுப் பிரிப்பது அகராதி செய்பவரின் கடமை. ஆனால் எண்கள் விழுந்ததும், இவை தற்செயலாக ஒரே ஒலியில் வந்து கூடியவை என்ற எண்ணமும் படிப்பவர் மனத்தில் விழுந்துவிடுகிறது. கூந்தலும் இசைக்கருவியும் எப்படி ஒரு பெயரைப் பெற்றன என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டால், ‘பலபொருள் ஒருசொல்’ என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல விடை உண்டு.

குழலின் பொருள்கள் அனைத்தும் ஒரே பார்வையிலிருந்து பிறந்தவை என்பது என் கருத்து. பல மொழிகள் இந்தக் கருவியைக் கண்டபோது அது எதனால் ஆனது என்று பார்த்துப் பெயரிட்டன. தமிழும் அதன் உடன்பிறந்த மொழிகளும் கருவியின் உள்ளே பார்த்தன. உள்ளே எதுவும் இல்லை. அந்த இல்லாமைதான் ஒலிக்கிறது. அதற்குப் பெயர் வைத்தார்கள்.

மற்ற மொழிகளை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பழைய ரோமானியர் ஊதுகருவியைத் திபியா என்றார்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்புக்கும் அதுவே பெயர்; மருத்துவ மாணவர்கள் இன்றும் அந்த எலும்பை அப்படித்தான் படிக்கிறார்கள். கருவி எலும்பில் தொடங்கியது என்பதை அந்தப் பெயர் மறைக்கவில்லை. ஜெர்மனியின் தென்பகுதியில் ஹோலே ஃபெல்ஸ் என்ற குகையில் 2008இல் ஒரு ஊதுகருவி கிடைத்தது. பிணந்தின்னிக் கழுகின் சிறகெலும்பில் ஐந்து விரல்துளைகள் இட்டுச் செய்தது. 35,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை அதற்கு உண்டு. பாரசீகத்தில் ‘நெய்’ என்றால் நாணல். நாணலில் செய்த கருவிக்கும் அதுவே பெயர். வடமொழியில் வேணு என்பது மூங்கில், வம்சம் என்பதும் மூங்கில். இரண்டுமே ஊதுகருவியின் பெயராயின. பன்சி, பன்சுரி என்று வட இந்தியாவில் வழங்குவதெல்லாம் அந்த வம்சத்தின் வழிவந்த பெயர்கள். கணுவுக்கு மேல் கணுவாக மூங்கில் உயர்வதைக் கண்டு, தலைமுறைக்கு மேல் தலைமுறையாக வளரும் குலத்துக்கும் வம்சம் என்ற பெயரைக் கொடுத்தார்கள்.

ஆங்கிலத்தின் ஃப்ளூட் என்ற சொல் வேறு வழியில் போயிற்று. அது கருவியின் வெளிவடிவத்தைப் பிடித்துக்கொண்டது. நெடுக்குவாட்டில் ஓடும் வரிப்பள்ளத்துக்கெல்லாம் அந்தப் பெயர் பரவியது. கிரேக்கக் கோயில்களின் டோரிக் தூண்களில் வழக்கமாக 20 பள்ளங்கள் செதுக்கியிருக்கும். அவற்றுக்கு அந்தப் பெயர். துளைபோடும் இயந்திரத்தின் அலகில் சுற்றிச்செல்லும் பள்ளத்துக்கும் அதுதான், ஷாம்பேன் ஊற்றும் ஒடுங்கிய கண்ணாடிக் கோப்பைக்கும் அதுதான். தூணுக்குள் வெற்றிடம் கிடையாது. அந்தச் சொல்லுக்கு அதைப் பற்றிக் கவலையும் கிடையாது. ஒரு தமிழனுக்குத் தூணைக் குழல் என்று சொல்ல நாக்கு வராது. இரண்டு சொற்களும் ஒரே கருவியைச் சுட்டினாலும், அவை நடந்த பாதைகள் எவ்வளவு தூரம் பிரிந்துவிட்டன என்பதை இந்த ஒன்று காட்டிவிடும்.

தமிழிலும் பொருளால் வந்த பெயர்கள் இல்லாமல் இல்லை. வேய் என்பது மூங்கில். அதுவே ஊதுகருவிக்கும் ஆகும். திருநெல்வேலிக்கு வேணுவனம் என்பது பழைய பெயர். நெல்லையப்பருக்கு வேணுவனநாதர் என்றும் வேய்முத்தநாதர் என்றும் பெயர்கள் வழங்குகின்றன. வம்சத்திலிருந்து வந்த வங்கியம் என்ற சொல்லையும் தமிழ் ஏற்றுக்கொண்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றியதைச் சொல்லும் கல்வெட்டு, வங்கியம் ஊதுவோரையும் கோயில் பணியாளராகக் குறிக்கிறது.

புல்லாங்குழல் என்ற பெயரையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். புல்லால் ஆன குழல் அது. மூங்கில் எப்படிப் புல்லாகும் என்று சிலர் கேட்பதுண்டு. தொல்காப்பியர் மரபியலில் இதற்குத் தெளிவான இலக்கணம் வகுத்திருக்கிறார். வெளிப்புறத்தில் வயிரம் உடையவற்றைப் புல் என்றும், உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும் பிரித்தார். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல். இன்றைய தாவரவியலும் மூங்கிலைப் புற்குடும்பத்தில்தான் வைத்திருக்கிறது. வெளியே வயிரம், உள்ளே ஒன்றுமில்லை என்ற இந்தக் குணம் மூங்கிலைக் குழலாக்கியது. அதே குணத்தை வைத்துத்தான் இலக்கணம் அதைப் புல்லாக்கியது. ஆகவே புல்லாங்குழல் என்ற பெயரில் பொருளால் வந்த பெயரும் வெறுமையால் வந்த பெயரும் ஒன்றாக நிற்கின்றன.

சங்கப் புலவர்கள் இந்தக் கருவியைத் தொலைவில் நின்று கேட்டவர்கள் அல்லர். அது செய்யப்படுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் ஆயனைக் காட்டுகிறார். தீக்கடைகோலைக் கையால் கடைந்து நெருப்பு உண்டாக்குகிறான். கொள்ளி நுனியால் மூங்கிலைச் சுட்டுத் துளையிடுகிறான். ஊதிப் பாலைப்பண் எழுப்புகிறான். அது சலித்ததும், குமிழமரத்தின் உட்புழையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழில் குறிஞ்சிப்பண் வாசிக்கிறான். சுட்ட துளையின் விளிம்பு கருகியிருக்கும் அல்லவா? அதைக் கருந்துளை என்கிறார் புலவர். இன்று அதே சொல்லை, ஒளியைக்கூட விடாமல் விழுங்கும் விண்பொருளுக்கு நாம் வைத்திருக்கிறோம். இது திட்டமிட்டு எடுத்ததா, தானாக அமைந்ததா என்பதை விட்டுவிடுவோம். ஆயன் கொள்ளியால் சுட்ட துளைக்கு இருந்த பெயர் வானியல் பாடநூலில் இருக்கிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருவது.

கபிலர் இன்னும் ஒருபடி முன்னே போகிறார். அகநானூற்றின் 82ஆம் பாட்டில் குழல் செய்யும் கை இல்லை, ஊதும் வாயும் இல்லை. அசைகின்ற மூங்கிலில் வண்டு துளைத்த துளை. அதில் மேல்காற்று புகுந்தால் குழலிசை. அருவி முழவாகிறது, மான்கூட்டத்தின் குரல் தூம்பாகிறது, வண்டு யாழாகிறது. மந்திகள் அவையில் இருந்து பார்க்க, மயில் ஆடுகிறது. குழல் என்றால் துளையும் அதில் நுழையும் காற்றும்தான், மனிதன் பின்னால் வந்து சேர்ந்தவன் என்பதை இதைவிட அழகாகச் சொன்ன பாட்டை நான் அறியேன்.

வள்ளுவர் குழலை இரண்டு இடங்களில் நிறுத்துகிறார். மழலைக்கு முன்னே குழலும் யாழும் தோற்கும் இடம் எல்லோருக்கும் மனப்பாடம். 1228ஆம் குறளை அவ்வளவாக யாரும் மேடையில் சொல்வதில்லை. பிரிந்திருக்கும் பெண்ணுக்கு மாலைப்பொழுது நெருப்பாகச் சுடுகிறது. அந்த மாலைக்குத் தூதாக வரும் ஆயனின் குழலோசை அவளைக் கொல்லும் படையாகிறது. பல நூற்றாண்டுகள் கழித்துத் துப்பாக்கி வந்தபோது, அதன் நீண்ட இரும்புத் துளைக்குத் தமிழர் வைத்த பெயரும் குழல்தான். வள்ளுவரை நினைத்து வைத்த பெயர் அல்ல அது. உள்ளே துளை, அதன் வழியே ஒன்று வெளியே பாய்கிறது. வேறு பெயர் அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

இனி இந்தச் சொற்பொழிவில் நான் அதிகநேரம் தங்க விரும்பும் இடத்துக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், அரங்கேற்று காதையில் குழலோனைப் பற்றிய இடத்தில், ஒரு முழுப் பட்டறையையே நம் கண்முன் திறந்து வைக்கிறார். உ.வே. சாமிநாதையர் 1892இல் அந்த உரையைப் பதிப்பித்திராவிட்டால் இந்தப் பட்டறைச் செய்தி நமக்குக் கிடைத்திருக்காது.

மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்று ஐந்து பொருள்களில் குழல் செய்யலாம் என்கிறார். மூங்கில் உத்தமம், வெண்கலம் மத்திமம், மற்றவை அதற்குக் கீழே. தரத்தை இப்படிச் சொல்லிவிட்டு, தம் காலத்தில் கருங்காலியே பெருவழக்காக இருப்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். நூல் சொல்வது ஒன்று, நடப்பது ஒன்று என்பதை இரண்டையும் பதிந்துவைத்த நேர்மைக்காகவே அவரை வணங்கலாம். மரம் எங்கே வளர்ந்திருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிகிறது. நாலு பக்கக் காற்றும் மோதிக் கலங்கும் இடத்து மரத்தில் நாதம் இராது. இளசும் ஆகாது, மிக முற்றியதும் ஆகாது. வெட்டிய மரத்தை நிழலில் ஆறவிட்டு, திருகுகிறதா, பிளக்கிறதா என்று ஓராண்டு பார்த்து, அதன்பிறகே கருவி செய்ய வேண்டும்.

அளவும் தருகிறார். நீளம் 20 விரல். ஏறக்குறைய ஒன்றேகால் அடி என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றளவு நாலரை விரல். இடப்பக்க முகத்தை வெண்கல அணைசால் அடைத்து, வலப்பக்க முகத்தைத் திறந்துவிட வேண்டும். அடைத்த முகத்திலிருந்து 2 விரல் தள்ளி ஊதும் துளை. அதிலிருந்து 7 விரல் விட வேண்டும். திறந்த முகத்தருகே 2 விரல் விட வேண்டும். நடுவில் எஞ்சும் 9 விரலில் 8 துளை. அவற்றில் ஒன்றை முத்திரை என்று கழித்துவிட்டு, ஏழில் ஏழு விரல் வைத்து ஊத வேண்டும். கூட்டிப் பாருங்கள்: இரண்டும் ஏழும் ஒன்பதும் இரண்டும் இருபது. கணக்கு ஒரு விரல்கூடப் பிசகவில்லை. பட்டறை தெரிந்தவரிடம் கேட்டு எழுதிய கணக்கு இது என்றே நான் நம்புகிறேன்.

அதே காதையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அரங்கில் கருவிகள் ஒலித்த முறையைச் சொல்லும்போது, குழலின் வழியில் யாழ் நின்றது, யாழின் வழியில் தண்ணுமை நின்றது என்று இளங்கோ அடுக்குகிறார். முதல் இடம் குழலுக்கு. நரம்பு தளரும், மழைநாளில் சுருதி மாறும். இட்ட துளை இடம் மாறாது. எல்லோரும் எதைக் கேட்டுத் தம்மைச் சரிசெய்துகொள்ள வேண்டுமோ, அது குழல்.

அணைசு என்று ஒரு சொல் மேலே வந்ததைக் கவனித்திருப்பீர்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை இருக்கிறது. நாகசுரம் செய்வதற்குப் பேர்பெற்ற ஊர். 2022இல் அவ்வூர்க் கருவிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே பட்டறையில் நாகசுரத்தின் உறுப்புகளைக் கேட்டால் சீவாளி, கெண்டை, உலவு, அணசு என்று சொல்வார்கள். உலவு என்பது மரத்தால் ஆன உடல். அடியில் விரிந்திருக்கும் வாய்ப்பகுதிதான் அணசு. உரையாசிரியரின் அணைசு அடைப்பதற்கு. நாகசுரத்தின் அணசு விரிப்பதற்கு. வேலை மாறியிருக்கிறது. ஊதுகருவியின் முனையில் செறிக்கும் தனி உறுப்பு என்ற கருத்தும் பெயரும் மாறவில்லை. மரம் விஷயத்திலும் அப்படித்தான். நாகசுரத்துக்கு ஆச்சாமரம் வேண்டும். அதுவும் பழைய வீடுகளில் உத்தரமாகவும் தூணாகவும் கிடந்து ஈரம் முழுக்க வற்றிய மரமாக இருந்தால்தான் நல்லது என்று தேடி வாங்குகிறார்கள். நிழலில் ஓராண்டு ஆறப்போடச் சொன்ன உரையாசிரியரின் அறிவு, உரை படிக்காத கைகளில் தொடர்ந்து வந்திருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் கொன்றை, ஆம்பல், முல்லை என்று மூன்று குழல்கள் பெயர் பெறுகின்றன. இவை கருவியின் பெயரா, பண்ணின் பெயரா என்பது பழைய வழக்கு, இன்னும் தீரவில்லை. அடியார்க்குநல்லார் கருவி என்ற பக்கம் நின்று மூன்றுக்கும் விளக்கம் தருகிறார். கொன்றைக்காயைத் துருவித் துளைத்து ஊதினால் கொன்றைக்குழல். வெண்கலத்தால் குமுதப்பூ வடிவில் அணைசு செய்து செறித்தால் ஆம்பற்குழல். முல்லைக்கொடியை முப்புரியாகப் பின்னி வளையமாக்கித் திறந்த முனையில் செறித்தால் முல்லைக்குழல்.

சரக்கொன்றையின் காயைப் பார்த்தவர்களுக்கு முதல் விளக்கம் உடனே விளங்கும். ஓரடி, ஒன்றரை அடிக்கு உருண்டு நீண்டு கறுத்துத் தொங்கும். காய்ந்தால் ஓடு கெட்டியாகும். உள்ளே தட்டுத்தட்டாகத் தடுப்புகளும் சதையும் விதையும் இருக்கும். துருவி எடுத்தால் ஒரு குழாய் மிஞ்சும். ‘துருவி’ என்ற வினையை உரையாசிரியர் போட்டிருப்பது காயைக் கையில் எடுத்துப் பார்த்தவர் எழுதியதுபோல் இருக்கிறது. பெரியபுராணத்து ஆனாய நாயனாரையும் இங்கே நினைக்க வேண்டும். மழநாட்டு மங்கலத்தில் பசுக்களை மேய்த்தவர் அவர். பூத்துக் குலுங்கிய கொன்றை மரத்தின் முன்னே நின்றுதான் அவர் ஐந்தெழுத்தைக் குழலில் வாசித்தார் என்று சேக்கிழார் பாடுகிறார். சிவனுக்குரிய மலர் என்பதால் கொன்றை அங்கே வந்தது, உண்மைதான். ஆயருக்கும் குழலுக்கும் கொன்றைக்கும் இருந்த பழைய உறவு அந்தக் காட்சியின் அடியில் கிடக்கிறது என்று எண்ணுவதற்கும் இடம் இருக்கிறது.

ஆம்பல் அவ்வளவு எளிதில் பிடிபடாது. நீர்ப்பூ ஒன்றுக்கு அது பெயர். பேரெண் ஒன்றுக்கும் பெயர். பரிபாடலின் இரண்டாம் பாட்டு, ஊழிக்காலத்தை அளக்க நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம் என்ற எண்களை அடுக்குகிறது. குறிஞ்சிப்பாட்டிலும் ஐங்குறுநூற்றிலும் ஆம்பல் குழலோடு சேர்ந்து வருகிறது. மாலைப்பொழுது, வீடு திரும்பும் ஆநிரை, ஏக்கம் என்ற ஒரே சூழலில் அது திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தால் பண் என்று கொள்ளத் தோன்றுகிறது. ஆனால் ஆம்பல் தண்டை ஒடித்துப் பார்த்தால் உள்ளே நீளவாக்கில் காற்றுத் துளைகள் இருக்கும். குமுதவடிவ வெண்கலம் பிற்காலத்து நாகரிகமாக இருந்து, பெயர் மட்டும் அந்தத் தண்டைப் பார்த்து வந்திருக்கலாகாதா? இதை நான் கேள்வியாகவே வைக்கிறேன்.

குழலோடு ஒப்பிட வேண்டிய சொற்களில் தூம்பு முக்கியமானது. மலைபடுகடாம் கூத்தரின் இசைக்கருவிகளை எண்ணும்போது குழலை ஒன்றாகவும், யானை நெட்டுயிர்ப்பதுபோல் ஒலிக்கும் தூம்பை இன்னொன்றாகவும், குறுந்தூம்பை வேறாகவும் சொல்கிறது. அதன் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அந்தப் பெரிய தூம்பை நெடுவங்கியம் என்பார். மூங்கிலின் கணுக்களை உள்ளே திறந்துவிட்டு நெடிய வழி உண்டாக்கிய கருவி அது. ஏரிக்கரைக்குப் போனால் தூம்பு என்பது மதகு. கரையின் அடியில் நீர் வெளியேறக் கல்லால் கட்டிய வழி. புதுக்கோட்டைப் பக்கத்துப் பழைய ஏரிகளில் தூம்பு வைத்ததைச் சொல்லும் கல்வெட்டுகள் இருக்கின்றன. கூத்தனின் தோளில் தொங்கியதும் உழவனின் வயலுக்கு நீர் விட்டதும் ஒரே பெயரில். காற்றுக்குத் திறந்த வழியும் நீருக்குத் திறந்த வழியும் அவர்களுக்கு ஒன்றாகவே பட்டன. குழலுக்கு நான் சொன்ன பார்வை தமிழில் ஒரு சொல்லோடு நின்றுவிடவில்லை என்பதற்குத் தூம்பு சாட்சி.

இப்போது கூந்தலுக்கு வரலாம். மாணவியின் கேள்வி அதுதானே? ஐம்பால் என்று கூந்தல் முடிப்பின் ஐந்து வகைகளைச் சொல்வார்கள். உரைகளுக்கும் நிகண்டுகளுக்கும் இடையே பட்டியல் மாறும். கொண்டை ஒன்றில் இருக்கும், மற்றொன்றில் முடி இருக்கும். குழல் தவறாமல் இருக்கும். சுருட்டி முடிப்பது குழல். குழலுதல் என்றொரு வினையும் உண்டு. சுருளுதல் என்று பொருள். குழன்ற கூந்தல் என்றால் நுனி சுருண்ட கூந்தல். ஆக, கூந்தற்குழல் சுருளுவதிலிருந்து வந்தது, இசைக்குழல் துளையிலிருந்து வந்தது, இரண்டும் வேறு வேர் என்று வாதிடலாம். என் எண்ணம் வேறு. பூவரசு இலையைச் சுருட்டி ஒரு பக்கம் நசுக்கிப் பீப்பி ஊதாத கிராமத்துக் குழந்தை இல்லை. சுருட்டும் வரை அது இலை. சுருட்டிய கணத்தில் நடுவே துளை பிறந்துவிடுகிறது. சுருளும் துளையும் ஒரே செயலின் இரண்டு பெயர்கள். பனையோலையைச் சுருட்டிக் காதுத் துளையில் செருகியதும் ஒரு காலத்து அணிதான். காதணிக்குக் குழை என்று பெயர் இருப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். குழி, குழாய் என்ற சொற்களும் தூரத்தில் இல்லை.

கூந்தலின் குழல் கோயிலில் நிலைபெற்றது. காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் ஏலவார்குழலி, திருச்சி மலைக்கோட்டையில் மட்டுவார்குழலி, திருவாலங்காட்டில் வண்டார்குழலி, திருப்புகலூரில் கருந்தார்குழலி. சிவாலயங்களில் குழல் அம்மையின் கூந்தல். வைணவத்தில் குழல் கண்ணன் கையில். பெரியாழ்வார் கண்ணனின் குழலோசைக்கென்றே ஒரு திருமொழி பாடியிருக்கிறார். பூங்குழலி என்று பெண்ணுக்குப் பெயர் வைக்கும் பெற்றோரிடம் கேட்டால், பூச்சூடிய கூந்தல் என்பாரும் உண்டு, இனிய இசை என்பாரும் உண்டு. இலக்கணப்படி முதலாமவர் சொல்வதே சரி. ஆனால் இரண்டாமவர் காதில் விழுந்ததும் பொய்யில்லை.

உடன்பிறந்த மொழிகளையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். கன்னடத்தில் கொளலு என்றால் புல்லாங்குழல், கொளவெ என்றால் குழாய். ஆழ்குழாய்க் கிணறு அங்கே கொளவெ பாவி. தெலுங்கில் பில்லனக்ரோவி, அதன் பிற்பகுதி துளையுள்ளதைக் குறிக்கும் சொல். மலையாளத்தில் குழல் என்பது குழாய்க்கும் ஊதுகருவிக்கும் பொது. செண்டைமேளத்தில் கூட ஒலிக்கும் குறுங்குழல் சீவாளி வைத்து ஊதும் கருவி. பக்கவாட்டில் ஊதுவதே அல்ல. கணக்கில் வராமல் கைமாறும் பணத்துக்கு அங்கே குழல்பணம் என்று பெயர். யார் கண்ணிலும் படாமல் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளிவரும் பணம். அந்தப் பெயரை வைத்தவர் இலக்கணம் படித்தவரல்லர். ஆனாலும் சொல்லின் உயிரைச் சரியாகப் பிடித்திருக்கிறார்.

இதற்கு மாறாக யாழை எண்ணிப் பாருங்கள். சங்கப் பாட்டில் குழலைவிட யாழுக்கே மதிப்பு அதிகம். பேரியாழ், சீறியாழ் என்று வகைகள்; பாணர் என்ற குடியே அதைச் சுமந்து திரிந்தது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் அதற்காக நெடுங்காலம் உழைத்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். ஆனால் கருவி கையை விட்டுப் போய் நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அதனால் யாழ் என்ற சொல் புதிதாக எதையும் சுட்டவில்லை. யாழ்ப்பாணம் என்ற ஊர்ப்பெயரிலும் யாழினி என்ற பெண்பெயரிலும் மதிப்போடு இருக்கிறது. குழலோ அடுப்படியில் ஊதாங்குழலாகக் கிடந்தது, ஈழத்துச் சமையலறையில் குழல்புட்டு அவித்தது, மின்சாரம் வந்ததும் குழல்விளக்காகக் கூரையில் ஏறியது, மருத்துவப் பாடநூலில் மூச்சுக்குழலும் உணவுக்குழலும் ஆனது. நாளிதழ்களில் ஒருவரைப் பிறரின் ஊதுகுழல் என்று வைகிறார்கள். தனக்கென்று மூச்சில்லாதவன் என்பது வசவு. இசைக்கு எது பெருமையோ அதுவே மனிதனுக்கு இழிவாகிறது. சொல் இரண்டையும் தாங்குகிறது.

ஒரே ஒரு வருத்தம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கும்பகோணம் சரப சாஸ்திரிகள், கண்பார்வை இழந்தவர், இந்தக் கருவியைக் கச்சேரி மேடையின் நடுவில் வைத்தார். அவருக்குப் பின் பல்லடம் சஞ்சீவ ராவ். அவருக்குப் பின் திருவிடைமருதூரில் 1926இல் பிறந்த டி.ஆர். மகாலிங்கம், மாலி என்று ஊரே அழைத்த மேதை, வாய்ப்பாட்டின் கமகங்களை மூங்கிலில் கொண்டுவந்தார். என். ரமணி அந்த வழியை உலகெங்கும் எடுத்துச் சென்றார். இவர்களுக்கு நாம் பட்ட கடன் தீராது. ஆனால் இந்த வெற்றியால் குழல் என்றால் எட்டு விரல்துளைப் புல்லாங்குழல் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. பேச்சில் அதுவும் ஃப்ளூட் ஆயிற்று. கொன்றை, ஆம்பல், முல்லை, தூம்பு, குறுந்தூம்பு, நெடுவங்கியம் என்று வகைகளுக்குத் தனிப்பெயர் இருந்த மொழி இது. அந்தப் பெயர்களை இன்று தேர்வுக்குப் படிக்கிறோம். அவற்றின் ஒலி நமக்குத் தெரியாது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924இலிருந்து 1936வரை ஆறு தொகுதிகளாக வந்தது. 1939இல் பின்னிணைப்பு வந்தது. ஏடுகளிலிருந்தும் அச்சுநூல்களிலிருந்தும் சொற்களைத் திரட்டிய மாபெரும் பணி அது. அடுத்த பேரகராதிக்கு உழைப்பவர்கள் நூலகத்தோடு நரசிங்கம்பேட்டைப் பட்டறைக்கும் போக வேண்டும். அணசு என்ற சொல்லை உரைநூலிலும் எடுக்கலாம், கடைசல்காரரிடமும் எடுக்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் அது முழுச்சொல் ஆகும்.

இசைத்துறை மாணவர்களிடமும் தமிழ்த்துறை மாணவர்களிடமும் ஒரு வேலையை ஒப்படைக்க விரும்புகிறேன். அடியார்க்குநல்லார் தந்த அளவில் கருங்காலியில் ஒரு குழல் செய்யுங்கள். இருபது விரல், நாலரை விரல், எட்டுத் துளை. குமுத வடிவில் வெண்கல அணைசு வார்த்துத்தர நாச்சியார்கோவிலில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அதை முதலில் அணைசு இல்லாமலும், பிறகு அணைசோடும், அதன்பின் முல்லைக்கொடி வளையம் செறித்தும் ஊதிப் பதிவு செய்யுங்கள். ஊதுகருவியின் திறந்த முனையில் எதைச் செறித்தாலும் ஒலியில் மாற்றம் வரக்கூடும். அந்த மாற்றம் காதுக்குத் தெரியும் அளவு இருந்தால், மூன்று பெயர்களும் கருவிகளுக்கே உரியவை என்ற உரையாசிரியரின் கட்சி வலுப்பெறும். ஒரு மாற்றமும் தெரியாவிட்டால் பண் என்பவர்களின் பக்கம் நாம் சாய வேண்டியிருக்கும். எதுவானாலும் அந்தப் பழைய வழக்கில் ஒரு புதிய சாட்சி கிடைக்கும். கொன்றைக்காய்க்கு இந்த வளாகத்திலேயே மரம் நிற்கிறது. கருங்காலிக் கட்டையை இந்த மாதம் நிழலில் போட்டால், ஓராண்டு ஆறி, அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்குள் கடைசலுக்குத் தயாராகிவிடும்.